கேமரா மூச்சு வாங்கும் நேரம்

2003, தை மூன்றாம் நாள். அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு. வாடிவாசலுக்கு எதிரே, சவுக்குக் கம்பு கட்டிய மேடையில் நெருக்கியடித்து நின்றிருந்தோம். என் கையில் ஆறு மெகாபிக்சல் டிஜிட்டல் கேமரா. அலுவலகம் வாங்கிக் கொடுத்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. மேடையில் பெரும்பாலானவர்களிடம் ஃபிலிம் கேமரா. அன்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது உண்மை.

கறுப்புக் காளை ஒன்று வந்தது. அது வாசலைத் தாண்டும்போதே ஷட்டரை அமுக்கிவிட்டேன். நொடிக்கு மூன்று படம். காளை நாலடி பாய்ந்து, நின்று, ஒரு சுற்றுச் சுற்றியது. மஞ்சள் பனியன் போட்ட பையன் ஒருவன் திமிலைக் கட்டிப் பிடித்தான். காளை அவனையும் தூக்கிக்கொண்டு நாலு காலும் தரையில் படாமல் எழும்பியது. என் விரல் அமுக்கியது அமுக்கியபடி இருக்கிறது. கேமராவில் சத்தம் இல்லை. பின்பக்கம் சின்ன விளக்கு ஒன்று மட்டும் விட்டு விட்டு எரிகிறது. பக்கத்தில் நின்ற மூத்தவரின் பழைய நிக்கான் எஃப்எம்2 ஃபிலிம் கேமரா ஒரே ஒரு தடவை ‘டக்’ என்றது.

மறுநாள் அவருடைய பத்திரிகையின் முதல் பக்கத்தில் அந்தரத்தில் தொங்கும் காளை. என்னுடையதில் காளையின் கொம்பு வாசலை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் படம். செய்தி ஆசிரியர் பக்கத்தை மேசையில் விரித்துவைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“படம் நல்லாத்தான் இருக்கு. ஆனா மாடு இன்னும் வரவே இல்லையே தம்பி.”

அன்றைக்கு எனக்கு பஃபர் என்ற சொல்லே தெரியாது. கேமரா கெட்டுப்போய்விட்டது என்றுதான் நினைத்தேன். எங்கள் வட்டாரத்தில் எல்லோரும் சொன்னது, “மூச்சு வாங்குது, கொஞ்சம் விடு, சரியாயிடும்” என்பதுதான்.

நான் தொழிலுக்கு வந்தது 1986-ல், மதுரையில் ஒரு ஸ்டுடியோவில் எடுபிடியாக. கல்யாண வேலைக்குப் போகும்போது முதலாளி ஒரு சட்டம் வைத்திருந்தார்: முப்பது தாண்டிவிட்டால் அந்த ரோல் உனக்குச் சொந்தமில்லை. 36 படம் கொண்ட ரோலில் முப்பது எடுத்தாகிவிட்டது, முகூர்த்தம் நெருங்குகிறது என்றால், மிச்சம் ஆறையும் பந்தலில் ஓடும் குழந்தைகள்மேல் செலவழித்துவிட்டுப் புது ரோல் போட வேண்டும். கெட்டிமேளம் கொட்டும்போது ரோல் முடிந்தால் தாலி கட்டுவதைத் திரும்ப எடுக்க முடியாது. பிறகு பத்திரிகைக்கு வந்தபோது எஃப்எம்2-வின் அடியில் மாட்டும் மோட்டார் டிரைவ் கிடைத்தது. நொடிக்கு மூன்று படத்துக்குக் கொஞ்சம் கூட. விரலை எடுக்காமல் இருந்தால் பதினொரு நொடியில் ரோல் காலி. அப்படி யாரும் செய்யவில்லை. ரோலுக்கும் கழுவுவதற்கும் கணக்குக் கேட்பார்கள்.

ஆனால் செய்ய முடியும். அதுதான் எனக்குப் புரியாமல் இருந்தது. ஸ்பிரிங்கும் பல்சக்கரமும் கொண்ட பழைய கேமரா 36 படத்தை ஒரே மூச்சில் எடுக்கிறது. அதைவிடப் பல மடங்கு விலை கொடுத்து வாங்கிய கேமரா ஆறாவது படத்தில் நின்றுவிடுகிறது. ஏன்?

அதற்கு விடை சென்னையில் ஒரு சர்வீஸ் சென்டரில் கிடைத்தது. “கேமரா அடிக்கடி நின்னு போகுது” என்று கொண்டுபோய் வைத்தேன். அங்கிருந்த மெக்கானிக் நாலைந்து படம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“சார், உங்க வீட்ல சம்ப் இருக்கா?”

“இருக்கு.”

“லாரித் தண்ணி வந்தா எவ்வளவு நேரத்துல கொட்டிட்டுப் போறான்?”

“பத்து நிமிஷம்.”

“அதை உங்க மோட்டார் மொட்டைமாடி டேங்குக்கு ஏத்த எவ்வளவு நேரம் ஆகும்?”

“ரெண்டு மணி நேரம் ஆகும்.”

“அதுக்குள்ள இன்னொரு லாரி வந்து நின்னா?”

அவ்வளவுதான். சென்சார்தான் லாரி. கார்டு மொட்டைமாடி டேங்கு. நடுவில் இருக்கும் நினைவகம் சம்ப். சம்ப் நிரம்பிவிட்டால் லாரிக்காரன் தெருவில் நிற்க வேண்டியதுதான். கேமராவில் கோளாறு இல்லை.

ரயிலில் திரும்பி வரும்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆறு மெகாபிக்சல், ஒவ்வொன்றுக்கும் 12 பிட் என்றால் சுருக்காத ஒரு படம் சுமார் 9 எம்பி. நொடிக்கு மூன்று எடுத்தால் 27 எம்பி. என் கார்டில் அந்தக் கேமரா எழுதிய வேகம் நொடிக்கு ஒன்றரை எம்பி போல. ஜேபெக்காகச் சுருக்கினால் ஒரு படம் மூன்று எம்பிக்குள் வரும். அப்படியும் ஆறு படம் இறங்கப் பன்னிரண்டு நொடி ஆகும். அலங்காநல்லூரில் ஒரு காளையின் கதை முடிய பன்னிரண்டு நொடி தாராளம்.

ஃபிலிமில் இந்தத் தொல்லை ஏன் இல்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. ஃபிலிமில் வெளிச்சம் விழும் இடமும் படம் தங்கும் இடமும் ஒன்றே. அடுத்த படத்துக்குப் புது ஃபிலிம் நகர்ந்து வந்துவிடும். பழையது சுருளில் போய்ப் படுத்துக்கொள்ளும். டிஜிட்டலில் சென்சார் ஒன்றுதான். அடுத்த படம் பிடிக்க வேண்டுமானால் முந்தையதை அங்கிருந்து அள்ளி எங்கேயாவது வைத்தாக வேண்டும். அந்த ‘எங்கேயாவது’தான் பஃபர்.

சம்பைப் பெரிதாகக் கட்டினால் என்ன என்று எனக்கும் தோன்றியது. கட்டியிருந்தார்கள், விலை கூடிய கேமராவில். 1999-ல் வந்த நிக்கான் டி1 நொடிக்கு நாலரைப் படம் வீதம் 21 படம் தொடர்ந்து எடுக்கும். மூன்று ஆண்டு கழித்து வந்த நடுத்தர டி100-க்கு ஆறுதான். வேகமான நினைவகத்துக்குக் காசு வேண்டும், மின்சாரம் வேண்டும். அதோடு, பெரிய கேமராவை விற்க ஒரு காரணமும் வேண்டும் என்பது என் சந்தேகம். பின்னாளில் டி3 வைத்திருந்தவர்கள் பணம் கட்டி, உள்ளே இருக்கும் பஃபரையே கூட்டி வாங்கிக்கொள்ள அந்த நிறுவனம் வழி செய்தது. வீடு கட்டி முடித்த பிறகு கொத்தனாரைக் கூப்பிட்டுச் சம்பைத் தோண்டச் சொல்வது மாதிரி.

சம்ப் சின்னது என்று தெரிந்தபின் வாழ்க்கை முறையை மாற்றிக்கொண்டோம். நிக்கானில் ஷட்டரைப் பாதி அமுக்கினால் ஒரு மூலையில் ‘ஆர்’ என்ற எழுத்தும் ஓர் எண்ணும் தெரியும். இன்னும் எத்தனை படத்துக்கு இடம் இருக்கிறது என்ற கணக்கு. கேனானில் வ்யூஃபைண்டர் ஓரத்தில் ஒற்றை எண் நிற்கும். ஒன்பதுக்கு மேல் காட்டாது. வலது கண் காளைமேல், மனசில் ஒரு மூலை அந்த எண்மேல். இரண்டு இரண்டாக, மூன்று மூன்றாக அமுக்கி விரலை எடுக்கப் பழகினேன். எடுத்த அந்த ஒரு நொடியில் ஒரு படமாவது கார்டில் இறங்கும், ஓர் இடம் காலியாகும்.

அதைவிட முக்கியமானது, எதை எடுக்காமல் விடுவது என்பது. காளை வாசலை விட்டு வருவதை எல்லோரும் எடுப்பார்கள். படம் அதில் இல்லை. வந்த காளை எங்கே நிற்கும், எந்தப் பக்கம் திரும்பும், யார் கை திமிலை எட்டும் என்பது இரண்டு மூன்று நொடிக்குள் தெரிந்துவிடும். அதுவரை விரல் சும்மா இருக்க வேண்டும். எஃப்எம்2 வைத்திருந்த மூத்தவர் செய்தது அதுதான். அவரை ஃபிலிம் விலை கட்டுப்படுத்தியது, என்னை ஆறு படச் சம்ப் கட்டுப்படுத்தியது. முப்பது தாண்டினால் ரோல் உனக்குச் சொந்தமில்லை என்ற சட்டம் வேறு சட்டை போட்டுக்கொண்டு திரும்ப வந்திருந்தது.

ஒரு தைப்பூசத்தன்று இரவு வண்டியூர்த் தெப்பக்குளத்தில் தெப்பத் திருவிழா. விளக்கொளி தண்ணீரில் நீள வேண்டும் என்று பத்துப் பதினைந்து நொடி திறந்துவைத்து எடுத்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு நேரம் திறந்தால் படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் வரும். அதை நீக்கும் வசதியை மெனுவில் போட்டிருந்தேன். கேமரா என்ன செய்யும் என்றால், படம் எடுத்ததும் ஷட்டரை மூடிக்கொண்டு அதே நேரத்துக்கு ஓர் இருட்டுப் படமும் எடுத்து, அதில் தெரியும் புள்ளிகளை முதல் படத்திலிருந்து கழிக்கும். அந்த இரண்டாவது படத்துக்கும் சம்பில் இடம் ஒதுக்க வேண்டுமே! சில கேமராக்கள் அந்த வசதியை இயக்கிவைத்த உடனே இடத்தை எடுத்துவைத்துக்கொள்ளும், நீங்கள் பகலில் எடுத்தாலும் சரி. எனக்கு அது தெரியாது. மறுநாள் காலை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் ஓட்டப் பந்தயம். கடைசிக் கோட்டுக்கு இரண்டடி முன்னால் கேமரா நின்றுவிட்டது. ஜெயித்த பெண்ணின் முதுகுதான் கிடைத்தது. அதிலிருந்து வீட்டை விட்டுக் கிளம்பும்போது மெனுவைத் திறந்து, அன்றைய வேலைக்குத் தேவையில்லாததை எல்லாம் அணைப்பது பழக்கமாகிவிட்டது. இன்றும், படத்தை மெருகேற்றும் வசதிகளில் பல, அந்த எண்ணைச் சத்தமில்லாமல் குறைக்கக்கூடியவை.

2004-ல் நிக்கான் டி70 வந்தது. விலை குறைவு, வேகம் அதே நொடிக்கு மூன்று. ஆனால் வேகமான கார்டு போட்டால் ஜேபெக்கில் தொடர்ந்து 144 படம் வரை எடுக்கும் என்றார்கள். நம்பாமல் நண்பர் ஒருவருடைய கேமராவை வாங்கி மொட்டைமாடியில் நின்று காக்காயை எடுத்துப் பார்த்தேன். நிற்கவே இல்லை. சூட்சுமம் இதுதான்: முன்பெல்லாம் சென்சாரிலிருந்து வந்ததை அப்படியே நெல்லாகக் குதிரில் கொட்டி, பிறகு ஒவ்வொன்றாக அரைத்து அரிசியாக்கினார்கள். டி70-ல் அரைத்து அரிசியாக்கியபின் குதிரில் போட்டார்கள். அதே குதிரில் எத்தனையோ மடங்கு கொள்ளும். நெல்லாகவே வேண்டும், அதாவது ரா ஃபைலாக வேண்டும் என்றால் அதே கேமராவில் நாலு படத்தோடு சரி. சம்பின் அளவைவிட அதில் எதை, எப்போது ஊற்றுகிறோம் என்பது பெரிய விஷயம் என்று காட்டிய கேமரா அது.

பஃபர் நிரம்பினால் நஷ்டம் ஒரு படம். பஃபருக்குள் இருப்பதே போய்விட்டால்?

2005-ல் தம்பி மகள் கல்யாணம் மாதிரி நெருங்கிய ஒரு வீட்டுக் கல்யாணம். மறுக்க முடியாமல் கேமராவைத் தூக்கிக்கொண்டு போனேன். தாலி கட்டும்போது பூவும் அட்சதையும் பறக்க, எட்டுப் படம் அடித்தேன். கார்டு நிரம்புகிற நிலை. கூட வந்த பையன் சுறுசுறுப்பானவன். நான் கேமராவைக் கீழே இறக்கியதும், “அண்ணே, கார்டு மாத்திடறேன்” என்று வாங்கிக் கதவைத் திறந்தான். விளக்கு எரிந்துகொண்டிருந்ததை அவன் பார்க்கவில்லை. அந்தக் கேமராவில் கார்டுக் கதவைத் திறந்தால் மின்சாரம் நின்றுவிடும். பஃபரில் இருப்பது கரும்பலகையில் எழுதியது மாதிரி அல்ல, தண்ணீரில் எழுதியது மாதிரி. மின்சாரம் போனால் அதுவும் போய்விடும். எட்டில் இரண்டுதான் கார்டில் இறங்கியிருந்தது. இரண்டிலும் மாப்பிள்ளையின் கை தாலியோடு வந்துகொண்டிருக்கிறது. பெண்ணின் கழுத்துக்குப் போய்ச் சேரவில்லை.

பையனைத் திட்டவில்லை. சொல்லிக்கொடுக்காதது என் தப்பு. பெண்ணின் அப்பாவிடம் அன்று சாயங்காலமே போய்ச் சொல்லிவிட்டேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “வீடியோல இருக்கும்ல?” என்றார். இருந்தது. மினிடிவி டேப்பிலிருந்து ஒரு ஃப்ரேமை எடுத்து ஆல்பத்தில் தபால்கார்டு அளவுக்குப் போட்டோம். அதற்குமேல் பெரிதாக்கினால் கட்டம் கட்டமாகத் தெரியும். அந்த ஆல்பத்தில் மற்றப் படங்கள் எல்லாம் பக்கம் நிறைய இருக்க, முக்கியமான படம் மட்டும் நடுவில் சின்னதாக நிற்கும். இப்போதும் என்னிடம் வேலை பழக வருகிறவர்களுக்கு முதல் பாடம் லென்ஸ் இல்லை, வெளிச்சம் இல்லை. “அந்த விளக்கு எரியற வரைக்கும் கேமராவுக்குள்ள படம் அந்தரத்துல நிக்குது. கதவைத் தொடாதே, பேட்டரியத் தொடாதே.”

கார்டு கதை தனி. ஐபிஎம் மைக்ரோடிரைவ் என்று ஒன்று இருந்தது. தீப்பெட்டி அளவுக்குள் சுழலும் தட்டு. 2000-லேயே ஒரு ஜிபி கொள்ளும். கீழே விழுந்தால் கதை முடிந்தது. பிறகு ஃபிளாஷ் கார்டுகளில் 40 எக்ஸ், 80 எக்ஸ் என்று போட ஆரம்பித்தார்கள். ஒரு எக்ஸ் என்பது பழைய சிடி டிரைவின் வேகம், நொடிக்கு 150 கேபி. ஆக 80 எக்ஸ் என்றால் 12 எம்பி. கடையில் பெரிய எண்ணைப் பார்த்து வாங்கி வந்து ஏமாந்தது ஒரு தடவை இல்லை. கார்டின் நெற்றியில் பெரிதாக அச்சடித்திருப்பது பெரும்பாலும் படிக்கும் வேகம். கேமராவுக்கு வேண்டியது எழுதும் வேகம். சம்ப் காலியாவது மோட்டாரின் பலத்தில்தான். இப்போது வி30, வி90 என்று கார்டில் சின்னதாக இருக்கும். குறைந்தது நொடிக்கு 30 எம்பி, 90 எம்பி வேகத்தில் தொடர்ந்து எழுதும் என்று பொருள். நான் பார்ப்பது அந்தச் சின்ன எழுத்தை. இன்னொன்று: நல்ல கார்டைப் பழைய கேமராவில் போட்டால் கேமராவின் வேகத்துக்குமேல் ஓடாது. குழாய் அரை அங்குலம் என்றால் எத்தனை ஹெச்பி மோட்டார் போட்டாலும் அவ்வளவுதான் ஏறும்.

2014-ல் ஜல்லிக்கட்டுக்கு உச்ச நீதிமன்றத் தடை வந்தது. மூன்று பொங்கலுக்கு வாடிவாசல் திறக்கவில்லை. 2017 ஜனவரியில் மெரினாவிலும் மதுரைத் தமுக்கத்திலும் கூட்டம் உட்கார்ந்து, சட்டம் மாறி, பிப்ரவரியில் அலங்காநல்லூர் மேடையில் திரும்ப ஏறியபோது எல்லோர் கையிலும் இருந்தது வேறு தலைமுறைக் கேமரா. முந்தைய ஆண்டு வந்த நிக்கான் டி500 நொடிக்குப் பத்துப் படம், ராவிலேயே 200 வரை நிற்காது. சில மாதம் கழித்து, 2017-லேயே சோனி ஏ9 வந்து நொடிக்கு இருபது என்றது. அதில் சென்சாரின் முதுகிலேயே நினைவகத்தை ஒட்டிவிட்டார்கள். படம் அங்கிருந்து நகரும் வேகம் கூடியதால், சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் ஓடும் மாட்டின் கால் சாய்ந்து தெரியும் கோளாறு வெகுவாகக் குறைந்தது. லாரி வந்து நிற்கும் வாசலுக்கே சம்பைக் கொண்டுவந்துவிட்டார்கள்.

அந்தப் பிப்ரவரி ஜல்லிக்கட்டில் மதியத்துக்குள் நான் எடுத்தது 3,800 படம். கேமரா ஒரு தடவைகூட மூச்சு வாங்கவில்லை. மூச்சு வாங்கியது நான். அலுவலகத்திலிருந்து போன்: “பத்து நிமிஷத்துல அஞ்சு படம் வேணும்.” மேடைக்குக் கீழே நிழலில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தால் கார்டிலிருந்து இறங்கவே அதற்குமேல் ஆகிறது. இறங்கியதும் ஒரே காளையின் நாற்பது படம். முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் வித்தியாசம் காதின் மடிப்பு. தேர்ந்தெடுத்து அனுப்பலாம் என்றால், அவ்வளவு கூட்டத்தின் செல்போன்களுக்கு நடுவே டவர் திணறுகிறது. ஃபிலிம் காலத்தில் நாலு ரோல், 144 படம். பிரிண்ட் போட்டுச் சென்னைக்குப் போகிற தெரிந்தவர் கையில் கொடுத்துப் பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது. அடைப்பு ஒழிந்துவிட்டதாக ஒவ்வொரு தடவையும் நினைக்கிறோம். அது அடுத்த குழாய்க்கு நகர்ந்திருக்கும்.

இப்போது பஃபர் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டது. 2016-லேயே ஒலிம்பஸின் இ-எம்1 மார்க் 2-ல் ஒரு வசதி இருந்தது. ஷட்டரைப் பாதி அமுக்கியதுமே கேமரா படம் எடுக்கத் தொடங்கிவிடும். பழையதை அழித்துப் புதியதை வைத்துக்கொண்டே இருக்கும். முழுதாக அமுக்கும்போது, அதற்கு முந்தைய 14 படத்தையும் சேர்த்துக் கார்டில் இறக்கும். 2022-ல் நிக்கான் இசட்9-க்கு வந்த மென்பொருளில் முந்தைய ஒரு நொடி வரை பின்னால் போகலாம். கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் ஒரு பையன் இதை வைத்து மீன்கொத்தி எடுத்துக் காட்டினான். கிளையை விட்டு அது எழும் கணம். நாம் கண்ணால் பார்த்து, விரலுக்குச் சொல்லி, விரல் அமுக்க எப்படியும் கால் நொடி ஆகும். பறவை அதற்குள் போயிருக்கும். நான் பதினைந்து வருஷம் முயன்று இரண்டு தடவை பிடித்த படத்தை அவன் ஒரு காலையில் ஆறு தடவை பிடித்தான். பொறாமையாகத்தான் இருந்தது. ஆனால் கிளையைத் தேர்ந்தெடுத்து விடியற்காலையிலிருந்து அதன்மேல் கேமராவை வைத்துக் காத்திருந்தவனும் அவன்தான். அதை எந்த பஃபரும் செய்து தராது.

அலங்காநல்லூருக்கு இப்போதும் போகிறேன். என் கேமராவில் அந்த எண் குறைவதே இல்லை. இருந்தும் ஷட்டரைப் பாதி அமுக்கும்போதெல்லாம் கண் அந்த மூலைக்குப் போய்விட்டுத்தான் வருகிறது. மூன்று படம் ஆனதும் விரல் தானாக எழுந்துவிடுகிறது. போன தடவை பக்கத்தில் நின்ற இளைஞர் காளை வெளியே வருமுன்பே அமுக்கத் தொடங்கி, அது கண்ணுக்கு மறையும்வரை விரலை எடுக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“ஏன் சார் விட்டு விட்டு அடிக்கிறீங்க? பஃபர்தான் தாராளமா இருக்கே?”

வாசலில் அடுத்த காளையின் கொம்பு தெரிந்தது. நான் விரலை அமுக்காமல் சொன்னேன்:

“மாடு இன்னும் வரலை தம்பி.”